சித்தி ரிங் விடும் நேரம்

ஜூன் 12

சின்னவளுக்கு,

போன் இல்லாமல் ஓர் இடைவேளையில் என்ன செய்வது? ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பெண் இன்று எழுந்து நின்று இதைக் கேட்டாள். திமிராகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பேசலாம், விளையாடலாம், புத்தகம் படிக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாது, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு நிஜமாகவே தெரியாது. இதை எழுதும்போதும் தெரியாது.

கடைசியாகப் பேசியபோது, "அப்போ கடுதாசி போடு, போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கோபத்தில் சொன்னது என்று புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு நான் கூப்பிட்ட எதையும் நீ எடுக்கவில்லை. ஆகவே நீ சொன்னபடியே போடுகிறேன். வீட்டில் நல்ல தாள் இல்லாததால் பள்ளியின் தாளில் எழுதுகிறேன். தலைப்பைக் கண்டுகொள்ளாதே.

அன்றைக்கு நீ என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. நடந்தது இதுதான். வேதியியல் ஆய்வகத்தில் ரசாயனப் புட்டிகள் வைத்திருந்த கண்ணாடிக் கதவு அலமாரியைக் காலி செய்து, உள்ளே சின்னச் சின்னத் தட்டுகள் அடித்து, அலுவலக வாசலுக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். காலையில் வந்ததும் எல்லோரும் போனை அணைத்து அதில் வைக்க வேண்டும். சாவி கிளார்க்கிடம். உள்ளே ஏதாவது போன் அடித்தால், பருவம் முடியும்வரை அது தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கும். விதியை எழுதியவள் துணைத் தலைமையாசிரியையான நான்தான். காலைக் கூட்டத்தில் அதை வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "டீச்சருங்க போனும் உள்ள போகுமா மிஸ்?" என்றது. "போகும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை.

ஆசிரியர் அறையில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "அலமாரிக்குப் பூட்டு வாங்கறப்ப இன்னொண்ணு சேத்து வாங்கியிருக்கலாம் மேடம். உங்க வாய்க்கு."

அந்த நாட்டில் நீ இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வருவதும் இங்கே எனக்கு மதிய இடைவேளை வருவதும் ஒரே நேரமாக அமைந்தது நாம் கேட்டு வாங்கியதல்ல. நீ தூங்கி எழும்போது நான் படுத்திருப்பேன். நம் இருவருக்கும் இருந்தது அந்த அரைமணி நேரம்தான். "தெரிஞ்சேதானே சொன்ன?" என்று கேட்டாய். இல்லை. அந்த நிமிஷம் உன் நினைப்பே வரவில்லை. அது இன்னும் மோசமா என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். வீடு வந்து சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு வைப்பதை மட்டும் நிறுத்திவிடாதே. நீ இரவு வேலைக்குப் போன முதல் வாரம் நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பேசமாட்டேன் என்று இருக்கும்போதும் நீ அதை விடுகிறாய், பார்க்கிறேன். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தால் தவறிய அழைப்பு என்று காட்டுகிறது. அணைத்து வைத்த போனில் அது எப்படி வந்து நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் படித்தது வேதியியல்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

பள்ளிக்கூட லெட்டர்பேடில் தங்கைக்குக் கடிதம் எழுதிய ஒரே பிறவி நீயாகத்தான் இருப்பாய். உறையைப் பிரித்ததும் என்னை ஏதோ வகுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"கடுதாசி போடு" என்றால் "என்னோடு பேசாதே" என்று அர்த்தம். நாற்பத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் உரை எழுதித்தர வேண்டுமா? சரி, போட்டுவிட்டாய். தபால் பெட்டியில் விளம்பரத் தாள் தவிர வேறு ஒன்று கிடப்பதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குச் சொல்லமாட்டேன். நான் கோபமாக இருக்கிறேன்.

உன் பிள்ளைகள் போனை வைத்து விளையாடுகிறார்கள். பூட்டு, யார் வேண்டாம் என்றார்கள்? எனக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனால் நீ அதை ஒருபோதும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஜன்னல் கிடையாது. தலையில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்றினால் காது மடலில் பள்ளம் விழுந்திருக்கும். யார் யாரோ கூப்பிடுகிறார்கள். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்கிறார்கள், குழந்தைக்கு மூச்சு வரவில்லை என்கிறார்கள். "லைன்லயே இருங்க, வண்டி வந்துட்டிருக்கு" என்று எல்லோரிடமும் ஒரே குரலில் சொல்கிறேன். வண்டி வாசலுக்கு வந்ததும் அவர்கள் வைத்துவிடுவார்கள். அப்பா பிழைத்தாரா, குழந்தை அழுததா, எனக்குத் தெரியாது. யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. அத்தனை பாதிக் கதைகளையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுவேன். நீ "என்ன சாப்பிட்ட?" என்பாய். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இப்போது சாவியை மேஜைமேல் போடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

ரிங் விடுகிறேன், விடாமல் என்ன. தனியாக இருக்கிறவள் வீடு வந்து சேர்ந்தாளா இல்லையா என்று பூமியில் ஒருவருக்காவது தெரிய வேண்டாமா? நீ போனை அணைத்து வைப்பதாக எழுதியிருக்கிறாய். சரி, அப்படியே இருக்கட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டேன். போனைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

அந்தப் பெண்ணுக்கு என் பதிலைச் சொல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சாப்பாடு என்று கேட்கச் சொல். நாம் இத்தனை வருஷமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சின்னவள்


ஜூலை 7

சின்னவளுக்கு,

போனைப் பற்றி உனக்குத் தெரியும் என்று எழுதியது எதற்கு என்று விளங்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இங்கே நிலைமை நான் எதிர்பார்த்ததுபோல் இல்லை. போனை எடுத்துவிட்டால் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பிப்பார்கள் என்று கருத்தரங்குகளில் சொன்னார்கள். பேசவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, டோக்கன் எடுத்துவிட்டு மருத்துவருக்குக் காத்திருப்பவர்கள்போல எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். ஆகவே "சேர்ந்து சாப்பிடும் நேரம்" என்று ஒன்றை ஏற்படுத்தினேன். வகுப்புகளைக் கலந்து குழுக்களாக உட்கார வைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் பேசுவதற்கு ஒரு கேள்வி கொடுத்தேன். முதல் நாள் கேள்வி, உங்களுக்குப் பிடித்த பறவை எது? ஒரு பையன் கை தூக்கினான். "கோழின்னு சொல்லிட்டேன் மிஸ். இப்ப என்ன பண்ணணும்?" அந்தத் திட்டம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், பூட்டினது போதும், பேச வைக்கறதெல்லாம் நம்ம கையில இல்ல" என்றார். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மட்டும் புதிதாக ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாழ்வாரத்தில் அந்த அலமாரிக்குக் கீழேதான் அவர்கள் சாப்பிட உட்காருகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று எல்லோரும் சேர்ந்து டப்பா மூடிகளைத் தரையில் அடிக்கிறார்கள். காது கிழிகிறது. பிறகு சிரிப்பு. தினமும் நடக்கிறது. காரணம் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணை (கேள்விக்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்திருக்கிறேன்) எழுப்பி அதட்டினேன். "சும்மா மிஸ்" என்றாள். சும்மாவுக்கு இத்தனை சத்தமா என்று கேட்டு, வகுப்பு முழுவதையும் மைதானத்தில் குப்பை பொறுக்க வைத்தேன். முகம் கோணாமல் பொறுக்கினார்கள். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நான் இப்போது ஆய்வகத்தின் பின்அறையில் சாப்பிடுகிறேன். நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிற அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது மற்றவர்களுக்கும் தொந்தரவு. பின்அறையில் அமில வாசனை கொஞ்சம் உண்டு, பழகிவிட்டது. இதை வைத்து நான் தனியாக இருப்பதாக எண்ணிக்கொள்ளாதே. யோசித்துப் பார்த்தால் நம் மதியப் பேச்சும் ஒரு பழக்கம்தான். என்ன சாப்பிட்டாய், தூக்கம் வருகிறதா, மழை பெய்கிறதா. இத்தனை வருஷத்தில் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டோமா? அது நின்றதில் இருவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்றே தோன்றுகிறது. கடிதத்தில் இன்னும் ஒழுங்காகப் பேசுகிறோம்.

அக்கா


ஜூலை 17

அக்கா,

பெரிய நஷ்டம் இல்லை. உன் கையெழுத்தில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கூப்பிட்டவர் ஒன்றும் பேசாவிட்டால் வைத்துவிடக் கூடாது. காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டும். மூச்சு கேட்கிறதா, குழாயில் தண்ணீர் ஓடுகிறதா, பக்கத்தில் டிவி பேசுகிறதா என்று. பேசாமல் இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று பயிற்சியில் முதலிலேயே சொல்லித்தந்தார்கள். நான் உனக்கு விட்ட ரிங் அப்படிப்பட்ட பேசாத அழைப்பு. நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போனை அணைத்து வைப்பதாக எழுதினாய். எனக்கு இங்கே மணி போகிறது, அக்கா. அணைத்த போனுக்கு மணி போகாது. விதி எழுதியவளே அதை மீறி எனக்காகத் திறந்து வைத்திருக்கிறாள், வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்து நான் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தேன் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். பெரிய நஷ்டம் இல்லை என்று எழுதுகிறவள் யாருக்காகவும் திறந்து வைக்கமாட்டாள். வேறு எதற்காகவோ வைத்திருக்கிறாய். எனக்கென்ன.

இன்றிலிருந்து ரிங் வராது.

சின்னவள்


ஜூலை 22

சின்னவளுக்கு,

நன்றாக இருக்கிறாயா? எழுதிவிட்டுப் பார்த்தால், எல்லோரும் கடிதத்தை இப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் இதைக் கேள்வியாகவே கேட்கிறேன்.

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ரிங்கும் நின்றுவிட்டது. முதல் நாள் உனக்கு விடுமுறை என்று நினைத்தேன். அடுத்த நாள் லைன் கிடைக்கவில்லை என்று. அதற்கு மேல் காரணம் கண்டுபிடிக்காமல் போனைக் கைப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கவனிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இன்று மதியம் ஆய்வகப் பின்அறை வாசலில் கேள்விக்காரி வந்து நின்றாள். பின்னால் அந்த வகுப்பின் உயரமான பையன்.

"மிஸ், சித்தி நல்லா இருக்காங்களா?"

"எந்தச் சித்தி?"

"எங்க சித்தி."

"உங்க சித்தி எப்படி இருக்காங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

உயரமானவன் அவளை முழங்கையால் இடித்தான். "ஒழுங்கா சொல்லேன்டி."

"அதான் மிஸ், உங்க தங்கச்சி. உங்க போன்ல 'தங்கை'ன்னு வரும்ல, கண்ணாடி வழியாத் தெரியும். மிஸ்ஸோட தங்கச்சின்னா எங்களுக்குச் சித்திதானே?"

நான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன். அவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள்.

என் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, சின்னவளே. அலமாரியின் முதல் தட்டில், நான் எழுதி ஒட்டிய விதிக்கு மேலேயே. தினமும் சாப்பாட்டு நேரத்தில், ஒரே ஒரு ரிங்.

"மொதல் நாள் உங்கள மாட்டிவிடலாம்னுதான் மிஸ் இருந்தோம்" என்றான் பையன், ஒளிக்காமல். "அதுக்குள்ள கட் ஆயிடுச்சு. மறுநாளும் அதே மாதிரி. யாரோ பாவம், கூப்பிட்டுட்டு எடுக்கறதுக்குள்ள அவங்களே வெச்சுடறாங்கன்னு பேசிக்கிட்டோம்."

"கிளார்க் சார் பக்கத்துலயே உக்காந்திருக்காரு" என்றாள் அவள். "அவர் காதுல விழுந்தா உங்க போன் பீரோவுக்குப் போயிடும்ல. அதான் மூடி."

மூடிச் சத்தம் அதற்குத்தான். நான் அவர்களைக் குப்பை பொறுக்க வைத்ததும் அதற்குத்தான்.

"நான் போனை அணைச்சுத்தானே வெக்கறேன்?" என்றேன்.

"எப்படி மிஸ் அணைப்பீங்க?"

காற்றில் கட்டை விரலால் பக்கவாட்டுப் பித்தானை அழுத்திக் காட்டினேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான். "அது ஸ்கிரீன் தூங்கறது மிஸ்" என்றாள் கேள்விக்காரி. "போன் தூங்கல."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சித்தி வர்றதுக்குள்ள யாரும் சாப்பாட்ட முடிக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு இது மிஸ். லேட்டானா எல்லாரும் உக்காந்து பேசிட்டிருப்போம். சித்தி எங்க இருக்காங்க, ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. இவன் சொன்ன கதையில சித்தி கப்பல்ல இருக்காங்க. இப்ப சித்தி வரதில்ல. எல்லாரும் கடகடன்னு சாப்ட்டு எழுந்து போயிடறாங்க."

அவர்கள் போனதும் நான் அலுவலகத்தில் சாவி வாங்கி, போனை எடுத்து, தாழ்வாரத்திலேயே நின்று உன்னைக் கூப்பிட்டேன். வீட்டுக்குப் போய் மறுபடி கூப்பிட்டேன். மணி போகிறது. நீ எடுக்கவில்லை. உன் வேலையிடத்து எண் என்னிடம் இல்லை. நீ எடுக்கும் அந்த அவசர எண்ணை இங்கிருந்து அழுத்தினால் இந்த ஊர் ஆம்புலன்ஸ்தான் வரும். ஊருக்கெல்லாம் அவசரம் என்றால் நீ இருக்கிறாய். உனக்கு அவசரம் என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நீ கோபமாக இருக்கிறாயா, எங்கேயாவது விழுந்து கிடக்கிறாயா? இரண்டுக்கும் இங்கே கேட்பது ஒன்றுதான்.

கோபமாகவே இரு.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

என் போன கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். விழவில்லை. கோபமாகத்தான் இருந்தேன்.

நீ கூப்பிட்டதைப் பார்த்தேன். இரவெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் கூப்பிட்டதை எடுத்தவள், அந்த ஒன்றை எடுக்காமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தப்பு. நான் செய்கிற வேலையைச் செய்கிறவள் மௌனத்தைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஆக, எனக்காக இல்லை. பித்தானை அழுத்தத் தெரியாததால். முதுகலைப் பட்டம் வாங்கியவளுக்குப் போனை அணைக்கத் தெரியாததை நான் பாசம் என்று எண்ணி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்து இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அக்காவிடமிருந்து கடிதம் என்றேன். யாராவது இறந்துவிட்டார்களா என்றார். இல்லை, அவள் போனை அணைக்கவில்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்புறம், தங்கையா? யாராவது போனில் "தங்கை" என்று பதிந்து வைப்பார்களா? செய்யுளில் வருகிறவள் மாதிரி?

சித்தி. அந்த இடத்தைப் பலமுறை படித்தேன். உனக்குப் பிள்ளை இல்லை, எனக்கும் இல்லை. என்னை யாரும் அப்படிக் கூப்பிடப்போவதில்லை என்று எப்போதோ அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். வருத்தம்கூட இல்லை. இப்போது ஒரு வகுப்பு முழுக்க நான் வீடு வந்து சேரும்வரை சாப்பாட்டை முடிக்காமல் உட்கார்ந்திருந்தது என்கிறாய். நான் இங்கே காலணியைக் கழற்றும்போது அங்கே மூடி தட்டியிருக்கிறார்கள். ஒருவருக்காவது தெரிய வேண்டாமா என்று உன்னோடு சண்டை போட்டேனே, அத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. உயரமான பையனிடம் சொல், கப்பல் இல்லை. ஆனால் ஜன்னல் இல்லாத அறைதான், ரொம்பத் தப்பில்லை.

உன் போனுக்கு இனி நான் ரிங் விட முடியாது. திறந்திருந்தால் நீ மாட்டுவாய். ஒழுங்காக அணைத்து வைத்தால் பிள்ளைகளுக்குக் கேட்காது. இன்று உன் லெட்டர்பேடை முதல் முறையாகத் தலைப்பிலிருந்து படித்தேன். அதில் எல்லாவற்றையும் எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்! கண்ணாடி தேட வேண்டியதாயிற்று.

நீ என்ன செய்யப்போகிறாய்? விதி உன்னுடையது.

சின்னவள்


ஆகஸ்ட் 11

சின்னவளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலில் கோபக் கடிதம் வந்தது. அதைப் படித்து எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நீ எதிர்பார்த்திருக்கமாட்டாய். நேற்று இரண்டாவது வந்தது.

விதி என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். இன்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு தண்டனை வாங்கியதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியவில்லை. பருவம் தொடங்கியதிலிருந்து போன மாதம் பாதிவரை என் போன் தினமும் அலமாரிக்குள் அடித்திருக்கிறது, விதிப்படி அதைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கிறேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள் என்றோ கூச்சலிடுவார்கள் என்றோ நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தலைமையாசிரியர் போனை வாங்கிக்கொண்டு, "இதை ஏன் மேடம் மைக்ல சொன்னீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்" என்று முணுமுணுத்தார். கொடுப்பதற்கு முன் நிஜமாகவே அணைத்தேன். கேள்விக்காரி காட்டித்தந்திருந்தாள். பித்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அது உறுதியாகவா என்று கேட்கிறது. அந்தக் கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆசிரியர் அறையில் உடற்கல்வி ஆசிரியர், "வாங்க குற்றவாளி மேடம்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். ஆனால் அங்கே எனக்குப் பேச ஒன்றுமில்லை, அவர்களுக்கும்தான்.

கேள்விக்காரிக்குத்தான் என்மேல் கோபம். தாழ்வாரத்தில் மறித்தாள். "இவ்ளோ நாள் நாங்க தட்டினதெல்லாம் வேஸ்டா மிஸ்?" இந்தப் பெண் கேட்பது எதற்கும் என்னிடம் பதில் இருப்பதில்லை.

இப்போது உனக்கு. திறந்து வைத்தது உனக்காக இல்லை, தெரியாமல்தான். அதை மாற்றிச் சொல்லமாட்டேன். மணி அடிப்பது தெரிந்திருந்தால் அணைத்திருப்பேனா என்றால், அதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சாயங்காலம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்ததும், கைப்பையைக்கூட மாட்டாமல் நின்ற இடத்திலேயே நீ ரிங் விட்டிருக்கிறாயா என்று பார்ப்பேன். பார்த்த பிறகுதான் படியிறங்குவேன். இதைச் செய்துகொண்டே பெரிய நஷ்டம் இல்லை என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்தது என்கிறாய். பொய் எழுதும்போது எனக்குக் கை நடுங்குவதில்லை போலிருக்கிறது.

பருவம் முடிய இன்னும் வெகு நாள் இருக்கிறது. அதுவரை உன் ரிங் எனக்கு வராது. நீ மனது மாறி விட்டாலும் பீரோவுக்குள் அணைந்து கிடக்கும் போனுக்கு ஒன்றும் கேட்காது. வீடு வந்து சேர்ந்தாயா என்று எனக்குத் தெரியாமலே ஒவ்வொரு மதியமும் போகும். இதற்கு நான் எழுதிய விதியில் இடமில்லை. தேடிப் பார்த்தேன்.

உன் பெயரை மாற்றிப் பதிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்கும் போன் வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 12

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று நடந்ததை மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போகாமல் தாழ்வாரத்துக்குப் போனேன். பி பிரிவு அலமாரிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அதற்கு நான் பழக்கப்பட்டவள். உயரமான பையன் நகர்ந்து இடம் விட்டான். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் கேள்விக்காரி, இன்னும் கோபமாக. நீ எழுதியது நினைவுக்கு வந்தது. "என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். அவள் டப்பாவை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். நானும் என்னுடையதைக் காட்டினேன். "எங்களோடதே பரவால்ல மிஸ்" என்றாள்.

அப்போது அலுவலகத்துக்குள், கிளார்க் மேஜையில் இருக்கும் பள்ளியின் தொலைபேசி அடித்தது. அது பழையது, மணி பெரிது, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். ஒரு ரிங். கிளார்க் கையை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"யாரோ ஒரு ரிங் விட்டுட்டு வெச்சுட்டாங்க மேடம். ஏதோ வெளிநாட்டு நம்பர் காட்டுது. ராங் நம்பரா இருக்கும்."

எனக்கு வாய் நிறையச் சாப்பாடு. அவர் உள்ளே போய்விட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த லெட்டர்பேடும், அதன் தலைப்பில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணும் ஞாபகம் வந்தன.

நான் என் டப்பா மூடியை எடுத்துத் தரையில் ஒரு தடவை தட்டினேன். பிறகு அவர்கள் தட்டினார்கள். கிளார்க் மறுபடி ஓடி வந்து கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியதும் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம்.